வலி நின்ற பல்

பல்வலி நின்ற நாளில்தான் என் நோய் தொடங்கியது. அன்று நான் சந்தோஷப்பட்டு முருகன் கோயிலில் தேங்காய் உடைத்தேன்.

லுணுகலைக் கடைவீதியில் எனக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. அரிசி, உப்பு, கருவாடு, வெற்றிலை, புகையிலை. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் சம்பளம் வாங்கியதும் எங்களிடம்தான் வருவார்கள். மூட்டை வந்து இறங்கினால் சாக்கின் முடிச்சைப் பல்லால் கவ்வி இழுத்து அவிழ்ப்பது என் பழக்கம். ஒரு நாள் அப்படி இழுத்தபோது காதுக்குள் நறுக்கென்று கேட்டது. கீழ்வரிசையில், இடது கடைவாய்க்குச் சற்று முன்னால் இருந்த பல்லில் ஒரு சில்லு போயிருந்தது. நாக்குப் பட்டால் கூராக உரசியது. அதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

சில மாதங்களில் அந்தப் பல் நடுவில் கறுத்தது. முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசியது. பிறகு சுடு தேநீர் பட்டால் வலித்தது. பிறகு ஒன்றும் படாமலே வலித்தது. என் மனைவி சௌந்தரம் கிராம்பை நசுக்கி வைத்தாள். உப்புத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். வலி அடங்குவதுபோல் இருந்து, படுத்ததும் நெற்றிப்பொட்டு வரை ஏறும்.

பசறைச் சந்தையில் பல்லுப்பூச்சி எடுப்பவர் ஒருவர் இருந்தார். கண்டங்கத்திரி விதையைப் பழுக்கக் காய்ந்த இரும்பில் போட்டு, பப்பாளித் தண்டின் வழியாக அந்தப் புகையை வாய்க்குள் விடுவார். பிறகு தண்ணீர்ச் சட்டியில் மிதக்கும் வெள்ளை நூல் போன்றவற்றைக் காட்டி, "பாத்துக்கங்க முதலாளி, அத்தனையும் பூச்சி" என்பார். எனக்கும் காட்டினார். அடுத்த வாரமே வலி நின்றது. சுடுதண்ணீர், குளிர்தண்ணீர், கரும்பு, எதற்கும் அந்தப் பல் கூசவில்லை. பூச்சி போய்விட்டது என்று நம்பினேன்.

பல்லுக்குள் இருக்கும் உயிர்நரம்பு செத்தால் வலி நின்றுவிடும் என்று அப்போது எனக்குச் சொல்ல யாரும் இல்லை. இதைப் படிக்கும் உங்களில் யாருக்கேனும் நாட்பட்ட பல்வலி திடீரென்று தானாகவே அடங்கியிருந்தால், தயவுசெய்து தேங்காய் உடைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

ஒரு வருடம் போல ஒன்றுமில்லை. காலையில் எழுந்தால் மட்டும் வாயில் ஒரு கெட்ட சுவை இருக்கும். கரியால் அழுத்தித் தேய்த்து, வேப்பங்குச்சியை மென்று துப்புவேன். வெற்றிலை போட்டதும் அந்தச் சுவை மறைந்துவிடும்.

பிறகு ஒரு நாள் சவரம் செய்ய வந்தவர் கத்தியை நிறுத்தினார்.

"முதலாளி, நாடியில என்னமோ கட்டியா இருக்கே. வலிக்குதுங்களா?"

"வலி ஒண்ணும் இல்லையே."

தொட்டுப் பார்த்தேன். முகவாயின் இடப்பக்கம், தோலுக்கு அடியில் மிளகளவு ஒரு உருண்டை. அது மெல்லப் பெருத்தது. மழைக்காலத்தில் ஒரு காலை அது தானாகவே உடைந்து தலையணை நனைந்திருந்தது. மஞ்சளும் சிவப்பும் கலந்த நீர். அதன் வாடையைச் சௌந்தரம்தான் முதலில் உணர்ந்தாள். உறையைக் கழற்றிக் கொண்டுபோய் வெந்நீரில் போட்டாள்.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டோம். களிம்பு போட்டோம். புண் மேலே பொருக்குக் கட்டும். இனி ஆறிவிடும் என்று நினைக்கும்போது பொருக்கு விழுந்து மறுபடி வடியும். கடைக்குள் ஈக்கள் கருவாட்டை விட்டு என் முகத்துக்கு வரத் தொடங்கின. நான் ஒரு துண்டை முகவாயில் சுற்றிக்கொண்டு வியாபாரம் செய்தேன். பல்வலி என்று சொன்னேன். வலி இல்லாத பல்லின் மேல் அந்தப் பொய்யைச் சொன்னேன். அதுவே உண்மை என்று எனக்குத் தெரியாது.

ஒரு நாள் சாப்பிட்டு எழுந்தபோது சௌந்தரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, உதட்டுல சோத்துப் பருக்கை ஒட்டியிருக்கு. தெரியலையா?"

தெரியவில்லை. கீழுதட்டின் இடப்பாதியைக் கிள்ளினேன். விரலுக்கு உதடு தெரிந்தது. உதட்டுக்கு விரல் தெரியவில்லை. நகத்தால் அழுத்தினேன். சௌந்தரம் என் கையைப் பிடித்து விலக்கினாள். உதட்டில் இரத்தம் வந்திருந்தது.

ஆறாத புண். மரத்துப்போன இடம். இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன பெயர் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். பெருவியாதி, அதாவது குஷ்டம்.

நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அப்படி ஒருவரைக் கொண்டுபோனதை நான் பார்த்திருக்கிறேன். மாட்டு வண்டியில் சாக்கால் மறைப்புக் கட்டி, கொழும்புப் பக்கம் ஆற்றோரத்தில் இருக்கும் அடைப்பு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் பெண்சாதி வண்டிக்குப் பின்னால் வளைவு வரை ஓடினாள். அதற்கு மேல் காவல்காரன் விடவில்லை. லயத்தின் வரிசை வீடுகளில் அவர் இருந்த காம்பராவின் பாயையும் சட்டியையும் வெளியே போட்டு எரித்தார்கள். போனவர் திரும்பவில்லை. அந்தக் காம்பராவில் யாரும் குடியேறவும் இல்லை.

அன்றிலிருந்து என் மகள் கோமதியைத் தூக்குவதை நிறுத்தினேன். அவளுக்கு நாலு வயது. கடை மூடும் நேரத்தில் கல்லாப்பெட்டி மேல் ஏறி என் கழுத்தைக் கட்டிக்கொள்வது அவள் வழக்கம். அவள் ஓடி வந்தால் நான் எழுந்து பின்னறைக்குப் போனேன். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே துரத்தினாள். சில நாளில் துரத்துவதை விட்டுவிட்டாள்.

பக்கத்துத் தோட்டத்தின் மருந்துக்காரர் (தோட்ட மருந்துச்சாலையை நடத்துபவர்) எனக்குப் பழக்கமானவர். கடைக்கு வந்தவர் துண்டை அவிழ்க்கச் சொன்னார். கோழி இறகு ஒன்றால் உதட்டைத் தடவினார். பிறகு ஊசி. கண்ணை மூடிக்கொண்டிருந்த எனக்கு, அவர் மூச்சை உள்ளே இழுத்தது மட்டும்தான் கேட்டது.

"குத்தினது தெரிஞ்சிச்சா முதலாளி?"

"எப்ப குத்தினீங்க?"

அவர் ஊசியைத் துடைத்து, துடைத்த பஞ்சை அடுப்பில் போட்டார்.

"நம்ம தோட்டத்து ஆளுக எல்லாம் ஒங்ககிட்டதான் அரிசி வாங்குறாங்க. தொரைகிட்ட சொல்லாம இருக்க என்னால முடியாது. கோவிச்சுக்காதீங்க. அதுக்குள்ள பதுளைக்குப் போயி பெரிய டாக்டரைப் பாருங்க."

அவர் செய்தது சரி. அப்போது அவரை நான் மனதுக்குள் சபித்தேன்.

தோட்டத்துரை தன் ஆட்கள் என் கடைக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். பெரட்டில், ஆட்கள் கூடும் காலை நேரத்தில், எல்லார் முன்னாலும் அது சொல்லப்பட்டது. அடுத்த சம்பள நாளில் கடைவீதி முழுவதும் சனம். என் கடை வாசலில் மட்டும் ஒரு இடைவெளி. கொழுந்து பறிக்கும் மாரியாயி என்ற பெண் ஒருத்தி பழக்கத்தில் உள்ளே வந்துவிட்டாள். நான் உப்பை அள்ளியதும் அவள் முகம் மாறியது.

"முதலாளி, அம்மாவைப் போடச் சொல்லுங்களேன். புள்ளைக இருக்கிற வீடு."

சௌந்தரம் எழுந்து வந்து புதிய மூட்டையைப் பிரித்துப் போட்டுக் கொடுத்தாள். மாரியாயி வாங்கிக்கொண்டு போனாள். எங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் அதைக் கொட்டியிருப்பாள் என்றே நினைக்கிறேன். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

செய்தி பதுளைக்கு எங்களுக்கு முன்னால் போய்விட்டது. சௌந்தரத்தின் அண்ணன் முத்தையா அங்கே துணிக்கடையில் இருந்தார். வண்டியோடு வந்தார். உள்ளே வரவில்லை. படிக்கு வெளியே நின்றபடி பேசினார்.

"மச்சான், தப்பா நெனைக்காதீங்க. தங்கச்சியையும் புள்ளையையும் கடல் தாண்டி நம்ம ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒங்களுக்கு சொகமானதும் நானே கொண்டாந்து விடுறேன்."

நான் தலையாட்டினேன். சௌந்தரம் கோமதியின் உடுப்புகளை மூட்டை கட்டிக் கொண்டுவந்தாள். ஒரு மூட்டைதான் இருந்தது.

"புள்ளையைக் கூட்டிட்டுப் போ அண்ணே. நான் வரல."

"ஒனக்கும் ஒட்டிக்கிட்டா?"

"ஒட்டியிருந்தா இந்நேரம் ஒட்டியிருக்கும். இவரைப் பதுளைக்கு யாரு கூட்டிட்டுப் போவா? நீ போவியா?"

முத்தையா மூட்டையை வாங்கி வண்டியில் வைத்தார். கோமதி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, மாட்டின் கழுத்து மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஏறவில்லை என்பது வண்டி நகர்ந்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. அந்த அழுகை பாலம் தாண்டும் வரை கேட்டது. சௌந்தரம் கடைக் கதவைச் சாத்தினாள்.

இரண்டு நாளில் நாங்களும் புறப்பட்டோம். நான் வண்டியின் பின்பக்கம் வைக்கோல் மேல் படுத்திருந்தேன். வண்டிக்காரர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. மலையிலிருந்து பனி இறங்கி வழியை மூடிக்கொண்டிருந்தது. சாக்கு மறைப்புக் கட்டிய அந்தப் பழைய வண்டியும் இதே வழியில்தான் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

பதுளை ஆசுபத்திரியின் நீண்ட நடையில் எங்களைத் தனியாக ஒரு கோடியில் உட்காரவைத்தார்கள். கார்பாலிக் (புண்ணின் அழுகலைத் தடுக்கும் காரமான திரவம்) வாடை மூக்கை அறுத்தது. டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நோயை வருத்தம் என்றுதான் சொல்வார். அவர் துண்டைத் தானே அவிழ்த்தார். வெறும் கையால் அவிழ்த்தார். அதற்காகவே எனக்கு அழுகை வந்தது.

"எவ்வளவு காலமாய் இப்பிடி?"

சொன்னேன். என் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, மார்பு, காது மடல் எல்லாம் வெளிச்சத்தில் பார்த்தார். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பை உருட்டிப் பார்த்தார். பெருவியாதியில் அது கயிறு போல் தடித்திருக்குமாம்.

"கண்ணை மூடுங்கோ. குத்துறது தெரிஞ்சா ஓம் எண்டு சொல்லுங்கோ."

கை, கால், விரல் நுனி, எல்லா இடத்திலும் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் நான் ஓம் என்றேன். முகவாய்க்கு வந்ததும் அறை அமைதியாகிவிட்டது. கீழுதட்டிலும் அப்படியே. நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"சரி, கண்ணைத் திறவுங்கோ." அவர் சௌந்தரத்தின் பக்கம் திரும்பினார். "இது எப்பவும் ஒரே மாதிரி வடியுமோ?"

"இல்லைங்க. சாப்பிட்டா அதிகமா வடியும். முறுக்கு மாதிரி கெட்டியா கடிச்சா ரொம்ப வடியும்."

 டாக்டர் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்து, "வாயைத் திறவுங்கோ" என்றார். வெற்றிலைக் கறையை ஈரத் துணியால் துடைத்துவிட்டு அந்தக் கறுத்த பல்லைச் சிறு சுத்தியலால் தட்டினார். முகவாயில் ஏதோ சூடாக வழிந்தது. சௌந்தரம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்தப் பல்லு எப்ப நொந்தது?"

"அது பழைய கதைங்க. இப்ப ஒண்ணர வருசமா வலியே இல்லை."

"நோகாமல் விட்ட பல்லுக்குத்தான் நான் பயப்பிடுறது."

மெல்லிய வெள்ளிக் கம்பி ஒன்றைப் புண்ணின் வாய்க்குள் விட்டார். அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் என் தலைக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். கம்பி பல்லின் வேரைத் தொட்டிருந்தது.

"இது அந்தப் பெரிய வருத்தம் இல்லை" என்றார். "பல்லுச் செத்துப் போச்சு. வேருக்குக் கீழ சீழ் கட்டி, தாடை எலும்பை அரிச்சு, நாடியால வெளிய வழி எடுத்திருக்குது. உதட்டுக்குப் போற நரம்பு அந்த எலும்புக்குள்ளாலதான் போகுது. அதை நெரிச்சதாலதான் மரத்துப் போச்சு."

இதைச் சீழ்ப்புரை (உள்ளிருந்து தோல் வரை சீழ் குடைந்துகொள்ளும் வழி) என்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சௌந்தரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் அவர் காலைத் தொடப் போனேன். அவர் தடுத்தார். அவர் முகத்தில் என் சந்தோஷம் இல்லை.

"பொறுங்கோ. எலும்பு எவ்வளவு பழுது எண்டு திறந்து பாத்தால்தான் தெரியும். வேறை ஏதும் இருந்தாலும் அப்பதான் தெரியும்."

"வேறன்னா என்னங்க?"

"வெத்திலை, புகையிலை போடுற வாய். புற்று இருக்கவும் கூடும்."

ஒரு பயத்தை இறக்கி வைத்த இடத்தில் இன்னொன்று ஏறி உட்கார்ந்தது. ஆனால் இதில் ஒரு வித்தியாசம். இதில் செத்தாலும் சௌந்தரம் பக்கத்தில் இருக்கலாம். யாரும் வளைவில் அவளை நிறுத்த மாட்டார்கள். அதை நினைத்தே அன்று சாப்பிட்டேன்.

குளோரோபோம் (மூச்சில் ஏறி மயங்கவைக்கும் மருந்து) நனைத்த துணியை மூக்கின் மேல் வைத்தார்கள். அழுகிய பழத்தின் இனிப்பு வாடை. விழித்தபோது வாய் முழுவதும் துணி. டாக்டர் தட்டில் காட்டினார். ஐந்து பற்கள். கறுத்த பல்லோடு அதற்குப் பின்னால் ஒன்றும், ஆட்டம் கண்டிருந்த முன்பற்கள் வரை மூன்றும் போயிருந்தன. பக்கத்தில், கறையான் தின்ற பலகைச் சில்லு போல ஒரு துண்டு. சாவெலும்பு (உயிரோட்டம் அற்று உதிர்ந்த எலும்பு) என்றார். புற்று கண்ணுக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். தெரியவில்லை என்றாரே தவிர இல்லை என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பல மாதம் பயந்தேன்.

மறுநாள் முகவாயின் அடி வீங்கத் தொடங்கியது. அதற்கடுத்த நாள் கழுத்து பலகை போல் இறுகியது. நாக்குக்கு அடியில் ஏதோ தள்ள, நாக்கு மேலே எழும்பி அண்ணத்தில் முட்டியது. எச்சிலை விழுங்க முடியவில்லை. படுத்தால் மூச்சு நின்றது. உட்கார்ந்து கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் தேடி எடுத்தேன். நல்ல வெளிச்சமான பகல். எதிர்க்கட்டிலில் ஒருவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் உரித்து முடிப்பதற்குள் நான் செத்துவிடுவேன் என்று தெளிவாகத் தெரிந்தது.

சௌந்தரம் நடையில் ஓடிக் கத்தினாள். "ஐயா, மூச்சு வரலைங்க! யாராவது வாங்களேன்!"

டாக்டர் ஓடிவந்தார். மயக்க மருந்து தந்தால் மூச்சு நின்றுவிடும் என்றார். நாலு பேர் என்னைப் பிடித்துக்கொள்ள, தாடைக்கு அடியில் கத்தியால் கீறினார். அந்த வலியை எழுத எனக்குத் தெரியவில்லை. சீழ் வெளியேறிய சத்தமும், அதன் பின்னால் தொண்டைக்குள் தடையின்றி இறங்கிய காற்றும் நினைவிருக்கின்றன. அந்த ஒரு மூச்சுக்குப் பிறகு எனக்கு வந்த எந்தக் காற்றையும் நான் சாதாரணமாக நினைத்ததில்லை.

புண் ஆற நாளாயிற்று. கொண்டீஸ் தண்ணீரால் (அழுக்கை நீக்கும் ஊதா நிற மருந்து நீர்) வாயைக் கொப்பளிப்பேன். சௌந்தரம் அரிசிக் கஞ்சியைத் துணியில் வடித்துக் கரண்டியால் ஊட்டுவாள். இடப்பக்க உதடு பிடிக்காததால் பாதி வெளியே வழியும். அவள் துடைப்பாள். எனக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும்.

முகவாய்ப் புரை மெல்லக் காய்ந்து மூடியது. மூடும்போது தோலை எலும்போடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டது. அங்கே ஒரு குழி. உதட்டின் அந்தப் பக்கம் கீழே இழுபட்டு நின்றது. தேங்காயெண்ணெய் தொட்டு அந்தத் தழும்பைத் தினமும் விரலால் தூக்கித் தூக்கி உருவும்படி டாக்டர் சொன்னார். புகையிலையை அவர் கையாலேயே வாங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தார்.

"மிச்சப் பல்லையாவது காப்பாத்துங்கோ. கரியை அழுத்தித் தேய்க்காதேங்கோ, பல்லுத் தேயும். சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும் கொப்பளியுங்கோ. மாசத்தில ஒருக்கா கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில நிண்டு வாய்க்குள்ள பாருங்கோ. முகத்தைப் பாக்கிறம். வாய்க்குள்ள ஆர் பாக்கிறம்?"

லுணுகலைக்குத் திரும்பினோம். மருந்துக்காரர் தானே வந்து பார்த்து, துரையிடம் போய்ச் சொன்னார். தடை நீங்கியது. சனம் உடனே வரவில்லை. வந்தவர்களும் என் முகத்தைப் பார்க்காமல் தராசைப் பார்த்தார்கள். நல்லபடியாகப் பேச வேண்டுமென்று மாரியாயியைப் பார்த்து ஒரு நாள் சிரித்தேன்.

"ஏன் முதலாளி என்னைப் பாத்து நக்கலா சிரிக்கிறீங்க? அன்னிக்கு சொன்னதுக்கா?"

பின்னறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். வலப்பக்கம் உதடு ஏறியது. இடப்பக்கம் இறங்கிக் கிடந்தது. நடுவில் பல்லில்லாத கறுப்பு. யாரையோ இகழ்கிற முகம். என்னைத் தெரியாத ஒருவன் அந்த முகத்தைப் பார்த்தால் கடனுக்குக்கூட உப்பு வாங்க மாட்டான். அதன்பின் சிரிப்பதை விட்டேன். சிரிப்பு வருகிற பேச்சையும் விட்டேன். சௌந்தரத்துக்கும் எனக்கும் நடுவில் அந்த மாதங்களில் பேச்சே குறைந்துபோனது. நோய் போன பிறகும் அது வீட்டில் உட்கார்ந்திருந்தது.

வருடத்தில் சில தடவை கண்டியிலிருந்து ஒரு பறங்கிப் பல் வைத்தியர் பதுளைக்கு வந்து வாடிவீட்டு விடுதியில் தங்குவார். சௌந்தரம்தான் என்னைக் கிளப்பினாள். குழைத்த வெள்ளைச் சாந்தை வாயில் அமுக்கி அச்சு எடுத்தார். அடுத்த முறை வரும்போது பல் வந்தது. வல்கனைட் (சூட்டில் கடினமாக்கிய ரப்பர்) தகட்டில் ஐந்து பீங்கான் பற்கள். போட்டதும் வாய்க்குள் வேறு யாருடைய வாயோ இருப்பதுபோல் குமட்டியது. அவர் தமிழ் கடைவீதித் தமிழ்.

"கடி. விடு. இப்ப சிரி."

சிரித்தேன். அவர் தலையை ஆட்டினார். "பல்லு என் வேலை. உதடு என் வேலை இல்ல. நல்ல பக்கம் ரொம்ப மேல போகுது. அதைக் கொஞ்சம் பிடி. கண்ணாடி முன்னால நின்னு பழகு."

பல மாதம் பழகினேன். கடை திறப்பதற்கு முன் கண்ணாடி முன் நின்று, உணர்வுள்ள பாதியை அடக்கி, உணர்வில்லாத பாதியின் அளவுக்குக் கொண்டுவந்தேன். வாய் நிறையச் சிரிப்பது போயிற்று. உதடு மூடிய ஒரு சிறிய சிரிப்பு கிடைத்தது. ஒரு நாள் சௌந்தரம் பின்னால் நின்று கண்ணாடியில் பார்த்தாள். "இது போதுங்க" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

இப்போது எனக்கு வலி நண்பனைப் போல. எங்காவது வலித்தால் அந்த இடம் உயிரோடிருக்கிறது என்று நினைக்கிறேன். வலியே இல்லாத நாட்கள்தான் சந்தேகம் தருகின்றன. அப்படிப்பட்ட நாளில் ஜன்னலோரம் நின்று வாயைத் திறந்து, உள்ளே எங்காவது கறுத்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் வரை அது போதும். அதற்கு மேல் நான் திட்டம் போடுவதில்லை.

முத்தையா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஊரில் அம்மை, பிறகு கப்பல் தாமதம் என்று நாள் தள்ளித் தள்ளி, கடைசியில் கோமதியைக் கொண்டுவந்து விட்டார். அவள் ஒரு சாண் வளர்ந்திருந்தாள். அம்மாவிடம் ஓடினாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். ஊரில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

நான் அவளை அழைக்கவில்லை. பல நாள் அப்படியே போயிற்று. கடையில் நான் இருக்கும் பக்கத்தை விட்டு மறுபக்கம் உட்கார்ந்து, சாக்கில் சிந்திய பயறைப் பொறுக்குவாள்.

ஒரு பிற்பகல், மழைக்கு வியாபாரம் இல்லை. கல்லாப்பெட்டியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன். பக்கத்தில் ஒரு மூச்சு கேட்டது. அசையவில்லை.

"அப்பா, இது வலிக்குமா?"

எதைக் கேட்கிறாள் என்று கண்ணைத் திறந்தேன். அவள் கை நீண்டிருந்தது. அவள் விரல் என் கீழுதட்டின் இடப்பக்கத்தில் இருந்தது. எவ்வளவு நேரமாக இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"வலிக்காதும்மா."

அவள் விரலை எடுக்கவில்லை. நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. விரல் இன்னும் அங்கேயே இருக்கிறதா, எடுத்துவிட்டாளா என்று என் உடம்பு எனக்குச் சொல்லவில்லை. இருப்பதாகவே வைத்துக்கொண்டு, மழை விடும் வரை அசையாமல் இருந்தேன்.